கைப்பேசியின் முகமும் தமிழ் எழுத்தும்

கருவிக்கும் மனிதனுக்கும் இடையே ஒரு முகம் உண்டு. ஏருக்கு மேழி, ஏட்டுக்கு எழுத்தாணி, கைப்பேசிக்கு விசையும் திரையும். இடைமுகம் என இன்று வழங்கப்பெறும் இம்முகத்தின் வரலாற்றை ஆராயுங்கால் ஓர் உண்மை புலனாகும். முகம் மாறுந்தோறும், எம்மொழியை எளிதில் எழுதலாம் என்பதும் உடன் மாறி வந்துள்ளது.

தொலைபேசியில் எண்விசைகள் அமெரிக்காவில் 1963ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்தன. 1973 ஏப்ரல் 3ஆம் நாள் மார்ட்டின் கூப்பர் நியூயார்க் நகரத் தெருவில் நின்று கைப்பேசியில் பேசியபோது, அக்கருவியிலும் எண்விசைகளே இருந்தன. பேசுவதற்கு அவை போதும், எழுதுவதற்கோ போதா. 1992 டிசம்பர் 3ஆம் நாள் இங்கிலாந்தில் முதற் குறுஞ்செய்தி கணினியிலிருந்து கைப்பேசிக்கு அனுப்பப்பட்டது. அதன்பின் எண்விசைகளே எழுத்தையும் சுமக்கலாயின.

ஆங்கிலத்தின் 26 எழுத்துகள் எட்டு விசைகளுள் அடங்கின. தமிழின் 247 எழுத்துகள் எங்ஙனம் அடங்கும்? விடை இலக்கணத்திலேயே இருந்தது. உயிரும் மெய்யும் கூடியே உயிர்மெய் பிறக்கிறது. தொல்காப்பியர் எழுத்து முப்பது என்றே வகுத்தார். உயிரையும் மெய்யையும் மட்டும் விசைகளில் அமைத்து, கூட்டும் பணியைக் கருவியிடம் விட்டால் இடர்ப்பாடு நீங்கும். மலேசியரான முத்து நெடுமாறன் உருவாக்கிய 'செல்லினம்' 2005ஆம் ஆண்டு பொங்கலையொட்டிச் சிங்கப்பூரில் வெளியீடு கண்டது. கைப்பேசியில் தமிழிலேயே செய்தி எழுதி அனுப்பும் வாய்ப்பு அதனால் மக்களுக்குக் கிட்டியது.

2007ஆம் ஆண்டு ஐபோன் வெளிவந்ததும் விசை கண்ணாடித் திரையில் ஓவியமாயிற்று. எம்மொழியின் எழுத்தையும் அவ்வோவியத்தில் தீட்டலாம். ஆயினும் ஐபோனுடன் தமிழ் விசைப்பலகை சேர்ந்தே வந்தது 2013ஆம் ஆண்டிலேதான். நுட்பம் வழிவிட்டால் மட்டும் போதாது. கேட்டுப் பெறுவோரும் வேண்டும் என்பதற்கு இந்த ஆறாண்டு இடைவெளியே சான்றாகும்.

அடுத்த முகம் குரலாகும். 2017ஆம் ஆண்டு கூகுள் தன் குரல்வழித் தட்டச்சில் தமிழையும் சேர்த்தது. விரல் செய்த வேலையை நாவும், எழுதுவோர் தேடிய சொல்லைக் கருவியும் செய்யத் தொடங்கிவிட்டன. வருங்காலத்தில் விசையே கண்ணில் படாமற் போதலும் கூடும்.

இங்கேதான் ஆசிரியரும் மாணவரும் சிந்திக்க வேண்டும். 'பல்லி' என்று சொல்ல எண்ணியவன் நாப்பிறழ்ந்து 'பள்ளி' என்றால், கருவி அதனையே எழுதிக் காட்டும். லகர ளகர வேறுபாடு அறிந்தவன் பிழையைக் கண்டு திருத்துவான். அறியாதவன் அதனையே மெய்யென்று ஏற்பான். கருவி சொல்லை முன்னுரைப்பதும் மக்கள் எழுதிக் குவித்தவற்றைக் கற்றேயாகும். தமிழை ஆங்கில எழுத்திலேயே எழுதிப் பழகுவோர் பெருகின், கருவி கற்பதும் அதுவே.

எனவே, நாளைய கைப்பேசியின் முகத்தை வடிவமைப்போர் தொலைவிலுள்ள பொறியாளர் மட்டுமல்லர். இன்று தமிழைத் தமிழ் எழுத்தில் பிழையற எழுதும் ஒவ்வொரு மாணவனும் அவ்வடிவமைப்பில் பங்குகொள்கிறான். அன்று இலக்கணம் விசைக்கு வழிகாட்டியது. நாளை குரலுக்கும் அதுவே வழிகாட்ட வேண்டும். அதற்குரிய பயிற்சிக்களம் வகுப்பறையே.