பங்கீட்டு நீதியும் அல்ஜப்ர் கணிதமும்



மாலை வேளைகளில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பிரத்தியேக வகுப்புகளுக்கு விரையும் நம் பிள்ளைகளின் கொப்பிகளில் இருபடிச் சமன்பாடுகள் நிறைந்திருக்கின்றன. "இது வாழ்க்கைக்கு எதற்கு?" என அவர்கள் வினவினால், பெற்றோராகிய நாம் "பரீட்சைக்கு" என்றே விடையளிக்கின்றோம். வரலாறு தரும் விடை வேறு.

கலீபா மஃமூனின் ஆட்சிக் காலத்தில் (813–833) பக்தாத்தின் பைத்துல் ஹிக்மாவில் பணியாற்றிய முஹம்மத் இப்னு மூஸா அல் குவாரிஸ்மி, ஏறத்தாழ 820 இல் 'அல்ஜப்ர் வல் முகாபலா' பற்றிய தமது நூலை எழுதினார். வாரிசுரிமை, மரணசாசனம், வணிகம், நில அளவை, கால்வாய் வெட்டுதல் ஆகியவற்றில் மக்களுக்குத் தேவையான கணக்குகளுக்காகவே அதனை இயற்றியதாக முன்னுரையில் அவரே கூறுகின்றார். நூலின் ஏறத்தாழப் பாதி, மரணித்தவரின் சொத்தைப் பங்கிடும் கணக்குகளாகும்.

அவர் காட்டிய இருபடிக் கணக்கொன்றைக் காண்போம். ஓர் எண்ணின் வர்க்கத்துடன் அவ்வெண்ணின் 10 மடங்கைக் கூட்டினால் 39. அவ்வெண் யாது?

அவ்வெண்ணைப் பக்கமாகக் கொண்டு ஒரு சதுரம் வரைக. 10 ஐ இரண்டாகப் பகுத்து, 5 அகலமுள்ள இரு செவ்வகங்களை அடுத்தடுத்த இரு பக்கங்களில் இணைக்க. மொத்தப் பரப்பு 39. மூலையில் 5 × 5 = 25 அளவான இடம் வெறுமையாயிருக்கும். அதனை நிரப்பினால் 39 + 25 = 64; பெரிய சதுரத்தின் பக்கம் 8. அதிலிருந்து 5 ஐக் கழிக்க, விடை 3. சரிபார்த்தால் 9 + 30 = 39. −13 உம் விடையே என இன்று கற்கின்றோம். நீளங்களால் சிந்தித்த அவர் மறை எண்ணை விடையாகக் கொள்ளவில்லை.

இத்தகைய கணக்குகளை அவருக்கு முன்னரே பாபிலோனியர் தீர்த்தனர். இந்தியாவின் பிரம்மகுப்தர் 628 இல் அதற்கான விதியை எழுதினார். இந்திய எண்களைப் பற்றி அல் குவாரிஸ்மியே தனிநூல் செய்தார். அவரது அல்ஜப்ர் நூல் 1145 இல் இலத்தீனுக்குப் பெயர்க்கப்பட்டது. 'அல்ஜிப்ரா' என்னும் பெயர் அவ்வழியே உலகெங்கும் பரவிற்று. அறிவை எவரிடமிருந்தும் கற்று, வளர்த்து, பிறருக்கு வழங்கிய மரபு அது.

மரணசாசனமின்றி மரணிக்கும் முஸ்லிம்களின் சொத்துரிமைக்கென இலங்கையில் 1931 இல் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் பங்கைக் கூறும். அதைக் கணிப்பதற்கு அறிவு வேண்டும். பங்கீட்டுக்கு இருபடிச் சமன்பாடு வேண்டியதில்லை. எளிய சமன்பாடே போதும். ஆயினும் அறிந்தவற்றைக் கொண்டு அறியாததைக் காணும் வழி இரண்டிற்கும் ஒன்றே. கணக்கறியாத குடும்பத்தில் பிறர் கூறும் தொகையே நீதியாகிவிடும்; அங்கே பெரும்பாலும் இழப்பவர்கள் விதவையரும் அநாதைகளுமே.

இளைஞர்களே! முன்னோரின் பெயரைச் சொல்லிப் பெருமை கொள்வது எளிது. இன்றிரவு ஒரு தாளை எடுத்து அந்தச் சதுரத்தை வரைந்து பாருங்கள். பெற்றோரே! அருகில் அமர்ந்து நீங்களும் பாருங்கள்.