சயாமுக்குப் போய் வந்தவருக்கு என்ன நோய்?

தோட்ட ஆஸ்பத்திரியில் டிரெசராக இருந்தவன் நான். எங்கள் வேலையில் மருந்தைவிட நோயின் பெயருக்குத்தான் மதிப்பு அதிகம். புத்தகத்தில் பெயர் ஏறினால் லீவு, கட்டில், கஞ்சி. ஏறாவிட்டால் மறுநாள் விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வந்து நிற்க வேண்டியதுதான். அதனாலோ என்னவோ, ‘செல் ஷாக்’ என்ற பெயரின் கதையைப் படித்தபோது பழைய செக்ரோல் ஏட்டைப் புரட்டுவது போலவே இருந்தது எனக்கு.

செல் என்றால் பீரங்கிக் குண்டு. முதல் உலகப் போரில் பிரான்சின் பதுங்கு குழிகளில் கிடந்த சிப்பாய்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்ட பெயர் இது. கை நடுங்கும், வாய் பேசாது, கால் ஒத்துழைக்காது. உடம்பில் காயம் மட்டும் இருக்காது. இதை மருத்துவ ஏட்டில் ஏற்றியவர் சார்ல்ஸ் மையர்ஸ். 1915 பிப்ரவரியில் ‘லான்செட்’ இதழில் மூன்று சிப்பாய்களைப் பற்றி எழுதினார். லெ தூக்கே என்ற கடற்கரை ஊரில் சூதாட்ட மாளிகை ஒன்றை ஆஸ்பத்திரியாக்கியிருந்தார்கள். அங்கே பார்த்த நோயாளிகள் அவர்கள். மூவருக்கும் பார்வை கெட்டிருந்தது, நினைவு தடுமாறியது, மணமும் ருசியும் போயிருந்தன. ஆனால் காது ஏறக்குறைய நன்றாகவே கேட்டது. பக்கத்தில் குண்டு வெடித்தவனுக்குக் காது தப்பி, மூக்கும் நாக்கும் கெட்டுப்போவது எப்படி? கோளாறு வெடிச் சத்தத்தில் மட்டும் இல்லை என்பதற்கான தடயம் முதல் கட்டுரையிலேயே இருக்கிறது.

இந்த மையர்ஸ் நம் பக்கமும் வந்து போனவர். 1898-இல் டாரஸ் நீரிணைக்குப் போன கேம்பிரிட்ஜ் ஆய்வுக் குழுவில் இருந்தவர். அங்கிருந்து சரவாக் உட்காட்டுக்கும் போனார். பின்னாளில் மனம் உடைந்த அதிகாரிகளுக்குச் சிகிச்சை அளித்துப் பெயர் பெற்ற ரிவர்ஸும் அதே குழுதான்.

பெயர் பரவியதும் ராணுவத்துக்கு வயிற்றைக் கலக்கியது. பிரெட்ரிக் மாட் போன்றவர்கள், குண்டின் அதிர்வால் மூளையில் நுண்ணிய இரத்தக்கசிவு ஏற்படுகிறது என்றார்கள். அப்படியானால் அது போர்க்காயம். காயத்துக்குச் சட்டையில் பட்டை உண்டு, பென்ஷன் உண்டு. ஆனால் குண்டின் பக்கத்திலேயே போகாதவனும் நடுங்குகிறானே? உடனே இரண்டு எழுத்துகளைக் கண்டுபிடித்தார்கள். எதிரியின் குண்டால் வந்திருந்தால் ‘டபிள்யூ’, அது காயம். மற்றதெல்லாம் ‘எஸ்’, வெறும் நோய். பட்டையும் இல்லை, பென்ஷனும் இல்லை. 1917-இல் அதுவும் போய், ‘இன்னும் கண்டறியப்படாதது, நரம்பு’ என்று எழுதினால் போதும் என உத்தரவு வந்தது. போர் முடியும்போது பிரிட்டிஷ் ராணுவத்தில் மட்டும் சுமார் 80,000 பேர் இந்த நோய்க்காரர்கள் என்று கணக்கு. 1922-இல் சவுத்பரோ பிரபுவின் குழு, இந்தச் சொல்லையே ஒழித்துவிடலாம் என்றது. மையர்ஸும் அதைப் பொருத்தமில்லாத பெயர் என்றுதான் பின்னால் சொன்னார். அவர் சொன்ன காரணம் மருத்துவம், ராணுவத்துக்குக் காசு. ஓடிப்போனது, கோழைத்தனம் போன்ற குற்றங்களுக்காகச் சுட்டுக் கொல்லப்பட்ட 306 பேருக்கு, அவர்களில் எத்தனை பேர் இந்த நோயாளிகளோ, 2006-இல்தான் மன்னிப்புக் கிடைத்தது.

இனி எங்கள் ஊர் பாகான் டத்தோவுக்கு வருகிறேன். பேராக் ஆற்றுக்கும் பெர்ணம் ஆற்றுக்கும் நடுவில், கடலோரக் களிமண்ணில் வாய்க்கால் வெட்டித் தென்னை நட்ட ஊர் இது. 1942 ஜனவரி தொடக்கத்தில் ஜப்பான்காரர்கள் படகில் வந்து இறங்கியது எங்கள் பக்கத்து ஊத்தான் மெலிந்தாங்கிலும் தெலுக் ஆன்சனிலும்தான் (இன்றைய தெலுக் இந்தான்). கம்பாரில் எதிர்த்து நின்ற பிரிட்டிஷ் படைக்குப் பின்னால் போய் வழியை அடைக்க வந்தவர்கள். துரைமார்கள் போய்விட்டார்கள். லயத்துச் சனம் அங்கேயே இருந்தது. அரிசி மறைந்து மரவள்ளிக்கிழங்கு வந்தது. கையில் ஜப்பான்காரர்களின் வாழைமர நோட்டு வந்தது.

பிறகு சயாம். தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்க ஜப்பான்காரர்கள் போட்ட 415 கிலோமீட்டர் ரயில் பாதை. நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம், மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று ஆசை காட்டினார்கள். ஆள் போதாதபோது, இலவசப் படம் காட்டுகிறோம் என்று கூப்பிட்டுக் கதவைச் சாத்தி லோரியில் ஏற்றினார்கள். சரக்கு வண்டியில் நாள்கணக்காகப் பயணம். பான் போங்கில் இறக்கிவிட்டுக் காட்டுக்குள் நடை. மலாயாவிலிருந்து போனவர்கள் 75,000 பேருக்கு மேல். பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள். 1943 மழையில் காலரா வந்தது. பாதை வேலையில் இருந்த வெள்ளைக்காரப் போர்க்கைதிகளுக்குச் சொந்த டாக்டர்களாவது கூட இருந்தார்கள். நம்மவர்களுக்கு அதுவும் இல்லை. கைதிகளிலிருந்தே சில மருத்துவக் குழுக்களைப் பின்னால் அனுப்பினார்கள், அதற்குள் முகாம் முகாமாகச் செத்திருந்தார்கள்.

எங்கள் லயத்தில் ஒருவர் திரும்பி வந்திருந்தார். சயாம் தாத்தா என்றுதான் கூப்பிடுவோம். தேங்காய் உரிப்பில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. நட்டு வைத்த கம்பியில் காயைக் குத்தி மூன்று திருப்பு, மட்டை தனியே விழும். பேச்சும் நிதானம்தான். ஆனால் மூங்கிலை எரித்தால் முடியாது. மாரியம்மன் திருவிழா முடிந்து பந்தல் மூங்கிலைப் பிரித்து யாராவது கொளுத்தினால், கணுவுக்குக் கணு படார் படார் என்று வெடிக்கும். அவர் உரித்த காயைக் கீழே போட்டுவிட்டு வாய்க்காலில் இறங்கிக் கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொள்வார். அப்பா போய், “மாமா, மேல வாங்க, பந்தல் மூங்கிதான்” என்று கூப்பிடுவார். “பொணம் எத்தன இருக்கு, எண்ணிட்டியா?” என்று கேட்பார் தாத்தா. காலராவில் செத்தவர்களை மூங்கிலை அடுக்கித்தான் எரித்திருக்கிறார்கள்; அடுக்கும் வேலை அவருக்கு. அவர் மேல் ஒரு குண்டும் விழுந்ததில்லை. லண்டன் ராணுவக் கணக்கில் ‘டபிள்யூ’வும் கிடைத்திருக்காது; சிப்பாயே இல்லை என்பதால் ‘எஸ்’ஸும் கிடைத்திருக்காது.

லயத்தில் அதற்குப் பெயர்கள் இருக்கத்தான் செய்தன. காத்து கருப்பு என்றார்கள். முனியாண்டி கோயிலில் மந்திரித்துத் தாயத்துக் கட்டினார்கள். எனக்கு அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை, அன்றைக்கு அவர் தலையில் கை வைத்தவர் பூசாரி ஒருவர்தான். தோட்டக் கணக்கரான கிராணி வேறு பெயர் வைத்திருந்தார்: சோம்பேறி. கோபம் வந்தால் ‘தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிவிடுவேன்’ என்பார். ஈப்போவுக்குப் பக்கத்தில் 1911-இல் திறந்த மனநோய் ஆஸ்பத்திரி அது. இன்றைக்கு ஹாஸ்பிட்டல் பஹாகியா, அதாவது மகிழ்ச்சி ஆஸ்பத்திரி. பேராக்கில் நாம் ஊர்ப் பெயரையே வசவாக்கி வைத்திருந்ததால், போக வேண்டியவர்கள்கூட அங்கே போகவில்லை.

நான் டிரெசர் வேலைக்கு வந்தபோது தாத்தா உயிரோடு இல்லை. அவர் நோய்க்கான பெயர் வேறொரு போரிலிருந்து வந்தது. வியட்நாமிலிருந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள் போராடியதில், 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் பி.டி.எஸ்.டி. (அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு) என்ற பெயரைத் தன் கையேட்டில் சேர்த்தது. குண்டு பட்டதா இல்லையா என்று பார்க்காமல், தாங்க முடியாத கொடுமையால் வந்த நோயும் நோய்தான் என்று ஏற்றுக்கொண்ட பெயர். எங்கள் தாத்தாவுக்குப் பொருந்தும் பெயர் வர, ரயில் பாதை முடிந்து 37 வருடம் ஆயிற்று.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். பிரிட்டன் அந்தப் பாதையின் தாய்லாந்துப் பகுதியை 1946-இல் 12.5 லட்சம் பவுனுக்குத் தாய்லாந்துக்கே விற்றது. பிரிட்டிஷ் கைதிகளுக்கு 1950-களில் ஆளுக்கு 76 பவுனும் சில்லறையும் கிடைத்தது; 2000-இல் அவர்கள் அரசாங்கமே 10,000 பவுன் கொடுத்தது. மலேசியாவுக்கு ஜப்பான் 1967 ஒப்பந்தத்தில் இரண்டு சரக்குக் கப்பல்கள் தந்தது. கப்பலை வைத்துச் சயாம் தாத்தா என்ன செய்வார்? சயாமுக்குப் போன தோட்டத்து ஆட்களின் கதையைப் பதிவு செய்து வைத்தவர்கள் தமிழில் எழுதியவர்கள்: ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’.

காஞ்சனபுரியில் வெள்ளைக்காரக் கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல் வரிசை வரிசையாக இருக்கிறது. நம்மவர்களுக்கு அப்படி முழுமையான பெயர்ப்பட்டியல் கிடையாது. பாகான் டத்தோ, ஊத்தான் மெலிந்தாங், தெலுக் இந்தான் பக்கத்துப் பழைய தோட்டக் குடும்பங்களுக்கு ஒன்று சொல்வேன். சயாமுக்கு ஆள் போனதைக் கண்ணால் பார்த்தவர்கள் இப்போது எண்பதைத் தாண்டியவர்கள். போனவர் பெயர், தோட்டத்தின் பெயர், திரும்பினாரா இல்லையா, திரும்பியிருந்தால் ராத்திரியில் என்ன செய்தார், எதைக் கண்டு பயந்தார் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இந்தத் தீபாவளிக்கு வீட்டுக்குப் போகும்போதே கேளுங்கள்.