குழந்தைப் பருவ மனக்காயம்: மருத்துவமனையில் கண்டறிதலும் எதிர்கொள்ளலும்

அடி, பாலியல் வன்முறை, புறக்கணிப்பு, வீட்டில் நடக்கும் சண்டை ஆகியவை குழந்தையின் உடலிலும் மனத்திலும் ஏற்படுத்தும் நீடித்த பாதிப்பே குழந்தைப் பருவ மனக்காயம். இதை மருத்துவ உலகைப் பரவலாகக் கவனிக்க வைத்தது, அமெரிக்காவின் சான் டியாகோவில் வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா குழுவினர் நடத்தி 1998இல் வெளியிட்ட ஆய்வு. உடல் பரிசோதனைக்கு வந்த 9,508 பெரியவர்களின் விடைகளை அது அலசியது. சிறுவயதில் நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட வகைத் துன்பங்களைச் சந்தித்தவர்களுக்குக் குடிநோய், போதைப் பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் அபாயம், எதையும் சந்திக்காதவர்களைவிட 4 முதல் 12 மடங்கு இருந்தது. அந்த ஆய்வின் வினாப்பட்டியலே பிறகு சோதனைக் கருவியாக மாறியது. வறியோருக்கான அரசு மருத்துவக் காப்பீட்டின் கீழ், கலிபோர்னியா 2020 முதல் சோதனை ஒன்றுக்கு 29 டாலர் தருகிறது. நோக்கம் நல்லது, ஆனால் சந்தித்த துன்ப வகைகளை எண்ணிப் பெறும் மதிப்பெண் மட்டும் போதாது. ஒருமுறை நடந்த கொடுமையும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்ததும் அதில் ஒரே புள்ளிதான். மக்கள்தொகையை அளக்க உருவான இந்த எண்ணைத் தனிமனிதரின் அபாயத்தைக் கணிக்கப் பயன்படுத்துவது தவறு என்று 2020இல் எழுதியவர்களில் ஆண்டாவும் ஒருவர்.

குழந்தையைப் பார்த்துத்தான் கண்டறிய வேண்டும். நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் மார்பு, வயிறு, முதுகு, காது, கழுத்து ஆகிய இடங்களில் கன்றிய காயம் இருந்தால் மருத்துவர் நின்று யோசிக்க வேண்டும். இன்னும் புரளக்கூடத் தெரியாத சிசுவின் உடலில் எங்கே கன்றியிருந்தாலும் அதைச் சாதாரணமாக விடக்கூடாது. பள்ளி வயதில் அடையாளங்கள் மங்கலானவை: காரணம் தெரியாமல் திரும்பத் திரும்ப வரும் வயிற்றுவலி, நின்றுபோய் மீண்டும் தொடங்கிய படுக்கை நனைத்தல், கவனக்குறைவு. இவை சான்றுகள் அல்ல, கேட்பதற்கான காரணங்கள் மட்டுமே.

கேட்பதே காயத்தைக் கிளறும் என்ற ஆட்சேபம் உண்டு. அவசரமாக, பெற்றோர் எதிரில், படிவத்தைப் பார்த்தபடி கேட்டால் கிளறத்தான் செய்யும். தனியாக, விடையைத் திணிக்காத கேள்விகளால், வேண்டாமென்றால் நிறுத்தலாம் என்று சொல்லிக் கேட்பது வேறு. யாரிடமும் சொல்லமாட்டேன் என்று மட்டும் மருத்துவர் வாக்குக் கொடுக்கக்கூடாது. அமெரிக்க மாநிலங்கள் அனைத்திலும், கொடுமை நடந்திருக்கலாம் என்று சந்தேகித்தாலே அவர் புகார் அளிக்கச் சட்டப்படி கடமைப்பட்டவர். நேரமில்லை என்பது இதைவிட வலுவான ஆட்சேபம். ஆனால் குழந்தை அஞ்சாமல் இருக்க, ஸ்டெதாஸ்கோப்பை வைக்கும் முன் என்ன செய்யப்போகிறோம் என்று சொல்ல அரை நிமிடம் போதும். உண்மையான பற்றாக்குறை கேள்விக்குப் பிந்தைய சிகிச்சையில்தான். மனக்காயத்தை மையமாகக் கொண்ட அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, பாதுகாப்பான பெற்றோரையும் சேர்த்துக்கொண்டு பலன் தருவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அதற்கு அனுப்ப இடமில்லாத மருத்துவமனை, சோதனையைத் தொடங்கும் முன் அந்த ஏற்பாட்டைத்தான் செய்ய வேண்டும்.