கவச வாகனங்களில் டீசல் எஞ்சின் ஏறிய வரலாறு

ஒரு வாகனத்தின் உடலுக்கும் அதன் எஞ்சினுக்கும் வாய்த்த ஆயுள் ஒன்றாக இருப்பதில்லை என்பது எல்லா வண்டிகளுக்கும் பொதுவான உண்மையேயாயினும், யுத்தத்துக்கென்று நிர்மாணிக்கப்பட்ட கவச வாகனங்களில் அவ்விரண்டு ஆயுளுக்கும் உள்ள தூரம் மிக அதிகம். கனத்த உருக்குத் தகடுகளால் வார்த்தும் பற்றவைத்தும் செய்யப்பட்ட டாங்கியின் உடல், துருவைச் சுரண்டி வர்ணம் பூசி வந்தால் அரை நூற்றாண்டு கடந்தும் உறுதி குலையாமல் நிற்கும். அதனுள் இருக்கும் எஞ்சினோ சில நூறு மணி நேர ஓட்டத்திலேயே களைத்துப்போய், அதன் உதிரிப் பாகங்களைச் செய்த ஆலையும் மூடப்பட்ட பிறகு, வெறும் சுமையாகிவிடும். ஆகவே பழைய உடலில் புதிய டீசல் எஞ்சினை ஏற்றும் பிரயத்தனம் உலகெங்கும் காலக்கிரமத்தில் தோன்றி வளர்ந்தது. அந்த வளர்ச்சியை, நம் தமிழ்நாட்டின் ஆவடியில் உருவான விஜயந்தா டாங்கியை நடுவில் வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வாராய்ச்சிக்கு என்னைத் தூண்டியது ஆவடி அன்று. மதுரைக்குத் தெற்கே, விமான நிலையத்துக்குப் போகும் வழியிலுள்ள அவனியாபுரத்தில் ஒரு பட்டறை. யுத்தகாலத்து மாதிரியில் அமைந்த பழைய ஜீப் ஒன்றின் பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு, அதன் ஸ்தானத்தில் டீசல் எஞ்சின் ஒன்றை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். செயின் பிளாக்கில் தொங்கிய எஞ்சினுக்கும் ஜீப்பின் கியர்பாக்ஸுக்கும் இடையே, லேத் பட்டறையில் கடைந்த அரை அங்குலத் தகடு ஒன்று வைக்கப்பட்டிருந்தது. சிமெண்டுத் தரையில் சாக்கட்டியால் ஒரு நேர்க்கோடு போட்டு, அக்கோட்டின்மேல் தூக்குக்குண்டு இறக்கி, எஞ்சினின் மையமும் கியர்பாக்ஸின் மையமும் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றனவா என்று மேஸ்திரி பார்த்தார். பிறகு ஃப்ளைவீல்மேல் டயல் கேஜை வைத்து மெதுவாகச் சுற்றி, முள் அசைந்த அளவுக்குத் தக்கபடி காகிதம் போன்ற பித்தளைத் தகடுகளைச் செருகினார். முன் அச்சில் எண்ணெய்த் தொட்டி இடிக்கிறது என்று கண்டு, மறுபடியும் எல்லாவற்றையும் இறக்கச் சொன்னார். அன்று அது மூன்றாவது முறை. "எஞ்சின் வாங்கிப்புடலாம்ங்க. அது வண்டியில உக்காரணும்ல?" என்று என்னிடம் சொன்னார். கவச வாகனங்களின் வரலாற்றை ஓராண்டாகப் படித்துவந்த எனக்கு, அந்த 'உட்காருதல்' என்ற ஒரு சொல்லில் பொருள் முழுவதும் அடங்கிக் கிடப்பதாகத் தோன்றியது.

எஞ்சினை மாற்றி வண்டியை ஓட்டும் கலை மதுரைக்குப் புதியதன்று. இரண்டாம் உலக யுத்தத்தில் பெட்ரோல் பங்கீட்டுக்கு உட்பட்டு அரிதானபோது, மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு பஸ் போக்குவரத்து நடத்திய டி.வி.சுந்தரம் ஐயங்காரின் நிறுவனம், கரியை எரித்து அதிலெழும் வாயுவால் எஞ்சினை ஓட்டும் 'டி.வி.எஸ். காஸ் பிளாண்ட்' என்ற சாதனத்தைச் செய்து அளித்தது. யுத்தம் முடிந்ததும் ராணுவம் கழித்த லாரிகளும் ஜீப்களும் 'டிஸ்போசல்' வண்டிகள் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தன. அவற்றை வாங்கியவர்களுக்கு பெட்ரோல் செலவு பெரும் பாரமாயிற்று. அந்தப் பாரத்தைக் குறைத்தது பெர்க்கின்ஸ் பி-6 என்னும் ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின். இங்கிலாந்தின் பீட்டர்பரோ நகரில் 1930களின் இறுதியில் உருவாகி, பின்னர் சென்னை சிம்ப்சன் நிறுவனத்தாரால் இங்கேயே உற்பத்தி செய்யப்பட்ட அந்த எஞ்சினின் விசேஷம், அக்காலத்து மற்ற டீசல்களைவிட அது வேகமாகச் சுழன்றதேயாகும். ஜீப்பின் பழைய வில்லிஸ் பெட்ரோல் எஞ்சின் நிமிஷத்துக்கு 4000 சுற்றில் 60 குதிரைச் சக்தி தந்தது. மந்தமாகச் சுழலும் டீசலை அதே கியர்பாக்ஸோடும் அச்சோடும் இணைத்தால், இழுவை பெருகினாலும் ஓட்டம் குன்றிவிடும். வேகமாகச் சுழலும் டீசல் கிடைத்த பிறகுதான் பெட்ரோல் வண்டிகளை மாற்றும் வேலை பட்டறைகளுக்கு எளிதாயிற்று.

டாங்கிகளில் இந்த மாற்றத்தைக் கட்டாயமாக்கியது செலவைவிட நெருப்பேயாகும். பெட்ரோலின் ஆவி கடுங்குளிரிலும் பொறி பட்ட மாத்திரத்தில் பற்றிக்கொள்ளும். டீசலோ பொதுவாக 50 பாகைக்கு மேல் உஷ்ணமேறினாலன்றித் தீப்பற்றத்தக்க ஆவியைத் தராது. சோவியத் நாட்டினர் இதையும் சிக்கனத்தையும் ஒருங்கே எண்ணி, கார்க்கோவில் 1930களிலேயே வி-2 என்ற பன்னிரண்டு சிலிண்டர் டீசலை டாங்கிக்கென்றே செய்தனர். அமெரிக்கர்களோ விமானங்களுக்குச் செய்த ஒன்பது சிலிண்டர் எஞ்சின், ஐந்து கார் எஞ்சின்களை ஒன்றாகக் கட்டிய முப்பது சிலிண்டர் எஞ்சின், பஸ்களிலும் லாரிகளிலும் ஓடிய டீசல்கள் இரண்டை இணைத்த ஜோடி எஞ்சின் என்று கையில் கிடைத்ததையெல்லாம் ஷெர்மன் டாங்கியில் ஏற்றினர். அதன் பயனாக ஷெர்மனின் பின்பகுதி பலவகை எஞ்சின்களுக்கும் இடங்கொடுக்கும் தாராளம் பெற்றது. பின்னாளில் இஸ்ரேலியர்கள் 460 குதிரைச் சக்தியுள்ள கம்மின்ஸ் டீசலை அதில் ஏற்ற முடிந்ததற்கு அந்தத் தாராளமே துணை செய்தது.

1965ஆம் ஆண்டு செப்டம்பரில் பஞ்சாபின் அசல் உத்தர் என்னும் இடத்தில் நம் படையினர் முறியடித்த பாட்டன் டாங்கிகள் பெட்ரோலில் ஓடியவை. கைப்பற்றிய டாங்கிகளை பிக்கிவிண்டில் வரிசையாக நிறுத்தி, அவ்விடத்துக்குப் 'பாட்டன் நகர்' என்றே பெயரிட்டதை முதியோர் பலர் நினைவில் வைத்திருப்பர். அதே பாட்டன் இனத்தைச் சேர்ந்த எம்-48 டாங்கிகளை அமெரிக்கர்கள் அந்தப் பத்தாண்டில் டீசலுக்கு மாற்றத் தொடங்கியிருந்தனர். பழைய பெட்ரோல் எஞ்சினும் புதிய டீசல் எஞ்சினும் காண்டினென்டல் நிறுவனத்தின் ஒரே 1790 குடும்பத்தில் பிறந்த சகோதரர்களாகையால், அண்ணன் எழுந்த பீடத்தில் தம்பி அதிகச் சிரமமின்றி உட்கார்ந்தான்.

அதே டீசலை 1970 வாக்கில் இஸ்ரேலியர்கள் பிரிட்டிஷ் சென்சூரியன் டாங்கியில் ஏற்றினார்கள். சென்சூரியனில் இருந்தது 650 குதிரைச் சக்தி மீடியோர் பெட்ரோல் எஞ்சின். ஸ்பிட்ஃபயர் விமானத்தின் மெர்லின் எஞ்சினிலிருந்து பிறந்தது. அது தண்ணீரால் குளிர்விக்கப்படுவது. வந்த டீசல் காற்றால் குளிர்விக்கப்படுவது. ஆகையால் டாங்கியின் பின்பகுதியை வெட்டிப் பெரிதாக்கி, மேல்மூடியை உயர்த்தி, காற்றுப்போகும் வழிகளைப் புதிதாக அமைத்து, கியர்பாக்ஸையும் அமெரிக்க அல்லிசனாக மாற்றினால்தான் 750 குதிரைச் சக்தியுள்ள அந்த எஞ்சின் உள்ளே குடியேற முடிந்தது. எஞ்சின் ஒன்றே, எம்-48க்கும் சென்சூரியனுக்கும் இடையே வேலையின் அளவு மட்டும் மலைக்கும் மடுவுக்குமாக வேறுபட்டது. எஞ்சின் மாற்றத்தின் கடினத்தை எஞ்சினை வைத்து அளக்கக்கூடாது, அதைச் சூழ்ந்திருக்கும் இடத்தையும் காற்றையும் பற்சக்கரங்களையும் வைத்தே அளக்க வேண்டும் என்ற என் அபிப்பிராயத்துக்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேறில்லை.

இனி ஆவடிக்கு வருவோம். 1961இல் பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனத்தோடு ஏற்பட்ட உடன்படிக்கையின்படி வடிவமைக்கப்பட்டு, அதே காலத்தில் நிறுவப்பட்ட ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் 1965 முதல் உற்பத்தியான விஜயந்தா, நம் நாட்டில் செய்யப்பட்ட முதல் டாங்கி. ஏறத்தாழ 39 டன் எடையும் 105 மில்லிமீட்டர் பீரங்கியும் கொண்ட அதன் எஞ்சின் லேலண்ட் எல்-60. மதுரை மக்களுக்கு லேலண்ட் என்றால் பஸ்; அந்தப் பஸ் எஞ்சினோடு இதற்கு எவ்வித உருவ ஒற்றுமையும் கிடையாது. எல்-60இல் சிலிண்டருக்கு மூடி என்பதே இல்லை. செங்குத்தாக நிற்கும் ஆறு சிலிண்டர்களில், ஒவ்வொன்றிலும் மேலிருந்து ஒரு பிஸ்டனும் கீழிருந்து ஒரு பிஸ்டனுமாக இரண்டு எதிரெதிரே ஓடிவந்து நெருங்க, நடுவில் நசுங்கிய காற்றில் எரிபொருள் பீச்சப்பட்டு எரியும். மேலொன்றும் கீழொன்றுமாக இருக்கும் இரண்டு கிராங்க் ஷாஃப்ட்களைப் பற்சக்கரக் கோவை ஒன்று பிணைத்து, சக்தியை வெளியே தரும். பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் எது கிடைத்தாலும் யுத்தகளத்தில் எஞ்சின் ஓட வேண்டும் என்று 1950களின் பிற்பகுதியில் நேட்டோ நாடுகள் கொண்ட கொள்கையே இத்தகைய அமைப்புக்குக் காரணம். கொள்கை உயர்ந்ததுதான். ஆயினும் சிலிண்டர் உறையைச் சுற்றியுள்ள அடைப்புகள் வழியே நீர் கசிவதும், எதிர்பார்த்த சக்தி கிட்டாமல் போவதும், இதே எஞ்சினைப் பூண்ட பிரிட்டிஷ் சீஃப்டன் டாங்கியின் பெயரையே கெடுத்தன. விஜயந்தாவில் அதன் சக்தி 535 குதிரை அளவிலேயே நின்றது; டன்னுக்கு 14 குதிரையும் தேறவில்லை.

ஆவடித் தொழிலாளிகள் இந்த எஞ்சினோடு பட்ட பாட்டை எண்ணும்போதெல்லாம் எனக்கு அவர்கள்மேல் மிகுந்த மரியாதை உண்டாகிறது. சுதந்திரம் பெற்று இருபது ஆண்டு நிறைவதற்குள், டாங்கி என்பதையே முன்பு செய்தறியாத ஒரு நாடு, உலகின் சிக்கலான எஞ்சின்களுள் ஒன்றைத் தன் கையாலேயே கடைந்து பூட்டிப் பல்லாண்டு ஓட்டியது சாமானியமான செயலன்று.

விஜயந்தா மூப்படைந்தபோது, அதே ஆவடியில் உற்பத்தியாகத் தொடங்கியிருந்த டி-72 டாங்கியின் 780 குதிரைச் சக்தி டீசலை அதில் ஏற்றலாம் என்ற யோசனை எழுந்தது. 'பைசன்' என்று பெயரிடப்பட்ட புதுப்பிப்புத் திட்டத்தின் பகுதியான அந்த யோசனை நிறைவேறியிருந்தால், டன்னுக்கு 20 குதிரை கிடைத்திருக்கும். ஆனால் எல்-60 உயரமாகவும் ஒடுக்கமாகவும் நெடுக்குவாட்டில் நிற்பது; டி-72இன் எஞ்சினோ வி வடிவில் அகன்று, தன் டாங்கியில் குறுக்குவாட்டில் படுத்திருந்து, இரு பக்கத்துக் கியர்பாக்ஸ்களுக்கும் சக்தியைப் பகிர்வது. ஒன்றுக்காக வெட்டிய அறையில் மற்றொன்றை வைப்பதென்றால் அறையையே மாற்ற வேண்டும். செலவு மிகையெனக் கருதப்பட்டுத் திட்டம் கைவிடப்பட்டது. விக்கர்ஸ் நிறுவனத்தாரோ இதே டாங்கியின் அடுத்த தலைமுறையைக் கென்யாவுக்குச் செய்தபோது, எல்-60ஐ விட்டொழித்து, 720 குதிரைச் சக்தியுள்ள அமெரிக்க டெட்ராய்ட் டீசலை வைத்தே வடிவமைத்தனர். பிறக்கும்போதே எஞ்சினுக்கு ஏற்ற இடம் விடுவது எளிது. பிறந்த பின் விடுவதுதான் கடினம்.

எல்-60க்கு ரோல்ஸ்-ராய்ஸ் கே-60 என்று சிறிய இனத்தான் ஒன்று உண்டு. எதிரெதிர்ப் பிஸ்டன் அமைப்பே அதற்கும். நம் ராணுவத்துக்கென்றே எளிமையாக்கிச் செய்யப்பட்ட ஆபட் பீரங்கி வண்டியிலும், பிரிட்டிஷாரின் எஃப்.வி.432 கவச வாகனத்திலும் அது இருந்தது. 1960களில் பிறந்த அந்த எஃப்.வி.432களை ஈராக் யுத்தத்துக்காக 2006 வாக்கில் புதுப்பித்தபோது, கே-60ஐ இறக்கிவிட்டு அவர்கள் ஏற்றியது 250 குதிரைச் சக்தியுள்ள 5.9 லிட்டர் கம்மின்ஸ் டீசல். கூடவே கியர்பாக்ஸையும் மாற்றினார்கள். கவசத்துக்கென்று விசேஷமாகச் சிருஷ்டித்த எஞ்சின் போய், லாரிக்கென்று லட்சக்கணக்கில் வார்க்கப்பட்ட எஞ்சின் அந்த இடத்தில் அமர்ந்தது. உதிரிப் பாகம் எந்த ஊரிலும் கிடைக்கும். பழுது பார்க்கத் தெரிந்தவர் எந்தச் சாலையோரத்திலும் இருப்பர். ஜாம்ஷெட்பூரில் டாட்டா கம்மின்ஸ் ஆலை வார்த்த, அதே 5.9 லிட்டர் குடும்பத்து எஞ்சினைப் பூண்ட டாட்டா லாரிகள், அவனியாபுரத்தை ஒட்டிய ரிங் ரோட்டில் உப்பும் சிமெண்டும் ஏற்றிக்கொண்டு இரவு பகலாகப் போனதை இங்குள்ளோர் பார்த்திருக்கிறார்கள். அவ்வெஞ்சினின் உறவினன் ஒருவன் யுத்தகளத்தில் கவசத்துக்குள் உறுமியதை அவர்களுள் எத்தனை பேர் அறிவர்?

இந்த வரலாறு இன்னும் முடியவில்லை. 2025ஆம் ஆண்டு மார்ச் 7ஆம் தேதி பாதுகாப்பு அமைச்சகம், டி-72 டாங்கிகளின் 780 குதிரைச் சக்தி எஞ்சின்களுக்குப் பதிலாக 1000 குதிரைச் சக்தி எஞ்சின்களைப் பெறுவதற்கு, ரஷ்யாவின் ரோசோபோரோன் எக்ஸ்போர்ட் நிறுவனத்தோடு 24 கோடியே 80 லட்சம் டாலருக்கு ஒப்பந்தம் செய்தது; தொழில்நுட்பத்தை ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலைக்கு மாற்றித் தருவதும் அதில் அடக்கம். டி-90 டாங்கியிலுள்ள 1000 குதிரை எஞ்சினும் டி-72இன் 780 குதிரை எஞ்சினும், 500 குதிரையோடு தொடங்கிய கார்க்கோவின் வி-2 வம்சத்தில் வந்தவை. அந்த மூதாதையின் 38.8 லிட்டர் கொள்ளளவு இன்னும் மாறவில்லை. ஆகவே இம்முறை உட்காரும் கஷ்டம் குறைவு என்றே நான் நம்புகிறேன். ஆனால் அதே கொள்ளளவிலிருந்து கூடுதலாக 220 குதிரையைப் பிழியும்போது எழும் உஷ்ணத்தை, ராஜஸ்தானத்து வெயிலில் எந்த விசிறி வெளியேற்றும், பக்கத்துக் கியர்பாக்ஸ்கள் எவ்வளவு முறுக்கைத் தாங்கும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை சொல்ல வேண்டியவர்கள் ஆவடியின் பட்டறைத் தளத்தில் நிற்பவர்களே.

அவனியாபுரத்து ஜீப்பில் நான்காம் முறை ஏற்றியபோது எஞ்சின் உட்கார்ந்தது. சித்திரை மாத உச்சி வெயிலில் பெருங்குடி வரை ஓட்டிப்போய்த் திரும்பிய மேஸ்திரி, எஞ்சினை அணைக்காமலே பானட்டைத் திறந்து, ரேடியேட்டரின் மேல் குழாயை ஒரு கையாலும் கீழ்க் குழாயை மறு கையாலும் தொட்டுப் பார்த்தார். மேலே கை வைக்க முடியவில்லை. கீழே வைத்த கையை அவர் எடுக்கவில்லை.