சாக்கடைக்கு ஒரு அளவு, ஆத்துக்கு ஒரு அளவு

மேட்டூர் எப்பத் திறப்பாங்கன்னு பேசாத டீக்கடை நம்ம டெல்டாவுல கிடையாது. ஆனா திறந்து வர்ற தண்ணியில கழிவு எவ்வளவு கலக்கலாம்னு சட்டத்துல ஒரு அளவு எழுதி வச்சிருக்காங்க. அதைப் பத்தி யாரும் பேசுறதில்லை. அந்த அளவு எங்கேருந்து வந்ததுன்னு இன்னிக்குப் பார்ப்போம்.

1858 கோடையில லண்டன்ல தேம்ஸ் ஆறு நாறி, நாடாளுமன்றத்துல உட்கார முடியாத நிலை. அதுக்குப் பிறகுதான் அங்க பெரிய பாதாளச் சாக்கடை கட்டினாங்க. 1898-ல கழிவுநீருக்குன்னே ஒரு ஆணையம் போட்டாங்க. சுத்தம் பண்ணி ஆத்துல விடுற ஒரு லிட்டர் கழிவுல மிதக்குற அழுக்கு 30 மில்லிகிராம், பி.ஓ.டி. 20 மில்லிகிராம் தாண்டக் கூடாதுன்னு 1912-ல அந்த ஆணையம் சொல்லிச்சு. பி.ஓ.டி.ன்னா தண்ணியில உள்ள அழுக்கு மக்குறதுக்கு இழுத்துக்கிற ஆக்சிஜன். கூடவே ஒரு நிபந்தனையும் இருந்தது: ஒரு பங்கு கழிவு விழுந்தா, ஆத்துல குறைஞ்சது எட்டு பங்கு நல்ல தண்ணி ஓடணும்.

நம்ம நாட்டுல 1974-ல தண்ணீர் மாசு தடுப்புச் சட்டம், 1986-ல சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதுக்குக் கீழே 1993-ல பொது அளவுகள் போட்டாங்க. ஆத்துல விடுறதா இருந்தா பி.ஓ.டி. 30 தான். நகரத்துப் பாதாளச் சாக்கடையில விடுறதா இருந்தா 350 வரைக்கும் போகலாம். சாக்கடை முடியுற இடத்துல சுத்திகரிப்பு நிலையம் இருக்கும், மிச்சத்தை அது பார்த்துக்கும்ங்கிற நம்பிக்கைதான் காரணம்.

அந்த நிலையத்துல வேலை செய்யுறது கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர். அது மக்குறதைத் தின்னும், உப்பைத் தின்னாது. திருப்பூர்ல இதைத்தான் பார்த்தோம். பருத்தித் துணியில சாயம் ஏத்த உப்பு நிறைய வேணும். பொது சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டினாங்க. நிறம் குறைஞ்சுது, உப்பு அப்படியே நொய்யல்ல இறங்குச்சு.

உப்புக்கு அளவு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம். கேக்க சின்னதாத்தான் இருக்கு. நம்ம கணக்குல போட்டுப் பாருங்க. மூணு மா, அதாவது ஒரு ஏக்கர் நெல்லுக்கு 120 சென்டிமீட்டர் தண்ணி கட்டினா 48 லட்சம் லிட்டருக்கு மேல. அந்தத் தண்ணி சட்டத்தை மீறாம இருந்தாலே ஒரு போகத்துல வயலுக்குள்ள வர்ற உப்பு 10 டன். கொஞ்சம் வடிஞ்சு போகும், மிச்சம் மண்ணுலதான் தங்கும்.

நொய்யல்ல 1992-ல ஒரத்துப்பாளையம் அணை கட்டினாங்க. சுமார் 10,000 ஏக்கர் பாசனம்னு திட்டம். சில வருஷத்துலயே, அணைத் தண்ணியைத் திறக்காதீங்கன்னு விவசாயிகளே கேக்குற நிலை வந்துச்சு. தண்ணிக்கு அடிச்சுக்கிற நாட்டுல இப்படியும் ஒரு அணை! ஆயக்கட்டு விவசாயிகள் சங்கமாச் சேர்ந்து கோர்ட்டுக்குப் போனாங்க. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே வரக்கூடாதுன்னு 2006 டிசம்பர்ல சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டுது. 2009-ல உச்ச நீதிமன்றத்துலயும் சாயப்பட்டறைகளுக்கு விலக்கு கிடைக்கலை. அப்பவும் நிறைவேறலை. 2011 ஜனவரி 28-ல சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டுது. ஊரே வேலையில்லாம நின்னுச்சு. தொழிலாளி பாவம், நம்மள மாதிரி ஆளுதான். அதுக்கப்புறம்தான் உப்பைப் பிரிச்சு, தண்ணியைத் திரும்பப் பயன்படுத்துற ஏற்பாடு ஒழுங்காச்சு.

இது கொங்கு நாட்டுக் கதை, நமக்கென்னன்னு இருக்க முடியாது. நொய்யல் கரூர் மாவட்டத்துல காவிரியில கலக்குது. அந்தக் காவிரிதான் முக்கொம்பு, கல்லணை வழியா நம்ம மடைக்கு வருது.

வழக்கமா ஜனவரி 28-ல மேட்டூரை மூடுனா ஜூன் 12 வரைக்கும் நம்ம ஆறுகள்ல ஓட்டம் இல்லை. அந்த நாலரை மாசமும் ஊரை ஒட்டின இடத்துல தேங்கி நிக்கிறது சாக்கடைத் தண்ணிதான். எட்டு பங்கு நல்ல தண்ணிக்கு எங்க போறது? ஜூன்ல வர்ற முதல் தண்ணி அத்தனையையும் தள்ளிக்கிட்டுக் கடைமடை நாத்தங்காலுக்குத்தான் போகுது.

வருஷம் பூரா ஓடுற ஆத்தை மனசுல வச்சுப் போட்ட கணக்கு, ஷட்டர் திறந்தா மட்டும் ஓடுற ஆத்துக்குப் பொருந்தாது. கோடைக்குன்னு தனி அளவு வேணும். அடுத்த முறை விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்குப் போறவங்க, திறக்கிற தேதியோட இதையும் சேர்த்துக் கேளுங்க.