கோணிச்சாக்கும் மெத்தையும்

எங்கள் பேண்டுக்கு நாங்கள் பேர்கூட வைக்கவில்லை. 2004-இல் கோபிசெட்டிபாளையத்தில் நாலு பேர் சேர்ந்தோம். பயிற்சி எல்லாம் நண்பனின் தோட்டத்துப் பட்டுப்புழு மனையில்தான். கூடு எடுத்து முடித்து அடுத்த முட்டை வருகிற வரைக்கும் அது காலியாகக் கிடக்கும். பிளீச்சிங் பவுடர் வாசம் மூக்கை அரிக்கும். சத்தம் வெளியே போகாமலிருக்க ஜன்னலெல்லாம் கோணிச்சாக்கு கட்டியிருந்தோம். அப்படியும் போனது. பக்கத்துத் தோட்டத்து ஆத்தா வரப்பில் நின்று, "ஏங் கண்ணு, எரும பால் எறக்க மாட்டீங்குது. அந்த டமாரத்த அக்கட்டால கொண்டுபோயி அடிங்களேன்" என்றார்.

ஆத்தா சொன்ன டமாரம், டீப் பர்ப்பிளின் 'மெஷின் ஹெட்' ஆல்பம்.

அந்த ஆல்பத்தின் கதை எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரியும். 1971 டிசம்பரில் அவர்கள் சுவிட்சர்லாந்தின் மாண்ட்ரூவுக்கு வந்தார்கள். அங்கிருந்த கேசினோ அரங்கில் பதிவு செய்வதாகத் திட்டம். ரோலிங் ஸ்டோன்ஸின் நடமாடும் ஒலிப்பதிவு லாரியை வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். டிசம்பர் 4 அன்று அங்கே ஃபிராங்க் ஸாப்பாவின் கச்சேரி. கூட்டத்தில் யாரோ ஃபிளேர் துப்பாக்கியைக் கூரையைப் பார்த்துச் சுட, மொத்தக் கட்டடமும் எரிந்துபோனது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. ஜெனீவா ஏரிமேல் புகை படர்ந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சில நாள் கழித்து ரோஜர் குளோவர் தூக்கத்திலிருந்து விழிக்கும்போது வாயில் வந்த சொற்கள்தான் 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' என்ற தலைப்பு.

அடுத்து பெவிலியன் என்ற அரங்கத்துக்குப் போனார்கள். அந்தப் பாட்டின் இசையை ராத்திரியில் அங்கேதான் பதிவு செய்தார்கள். அக்கம்பக்கத்தார் புகார் சொல்லி போலீஸ் வந்துவிட்டது. பதிவு முடிகிற வரை உதவியாளர்கள் கதவைத் திறக்கவிடாமல் பிடித்துக்கொண்டார்களாம். (எங்களுக்கு எருமை. அவர்களுக்குப் போலீஸ்.) கடைசியில் குளிர்காலத்துக்காகப் பூட்டிக் கிடந்த கிராண்ட் ஹோட்டலின் தாழ்வாரம்தான் கிடைத்தது. சத்தத்தை அடக்க மெத்தைகளை நிறுத்தினார்கள். லாரி வெளியே நின்றது. வாசித்ததைப் போட்டுக் கேட்க வேண்டுமென்றால் அறைகள், பால்கனிகள் எல்லாம் தாண்டி, பனியில் நடந்து போகணும். இரண்டு மூன்று தடவை போய்ப் பார்த்து அலுத்து, கேட்பதையே விட்டுவிட்டார்கள். வாசித்தது நன்றாக இருக்கிறது என்று கைக்குத் தோன்றினால் சரி, அடுத்த பாட்டு.

இந்த ஆல்பம் பிடித்ததற்குக் காரணம் வேகம் என்பார்கள், கிடார் என்பார்கள். அந்தப் புகழ்பெற்ற கிடார் வரியை ரிச்சி பிளாக்மோர் இரண்டிரண்டு தந்தியாகச் சேர்த்து விரலால் கிள்ளுகிறார், ஸட்ஜமமும் மத்தியமமும் ஒன்றாக நடக்கிற மாதிரி. அதுவும் சுகம்தான். ஆனால் என்னைப் பிடித்து வைத்திருப்பது வேறு. ஏழு பாட்டிலும் திரும்பிப் பார்க்க முடியாத ஐந்து பேர் இருக்கிறார்கள். ஜான் லார்டின் ஹேமண்ட் ஆர்கன் மார்ஷல் ஆம்ப்ளிஃபையர் வழியாக உறுமும்போது இயன் பெய்ஸின் டிரம்ஸ் அதற்குப் பதில் சொல்கிறது. ஒருத்தர் மூச்சை மற்றவர் கேட்டு வாசித்த வாசிப்பு.

1972 மார்ச்சில் ஆல்பம் வந்தது. 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' மேல் அவர்களுக்கே பெரிய நம்பிக்கை இல்லை. தனி ரெக்கார்டாக வர 1973 ஆனது.

நாங்களோ காசு சேரட்டும், கோயமுத்தூரில் நல்ல ஸ்டுடியோ பிடிச்சு ஒழுங்காப் பதிவு பண்ணலாம் என்று இருந்தோம். கையில் டேப் ரெக்கார்டர் இருந்தது. ஒரு சாயங்காலம்கூட அதை அமுக்கவில்லை. அடுத்த முட்டை வந்தது, மனையைக் காலி பண்ணினோம். டிரம்ஸ் வாசித்தவன் திருப்பூர் எக்ஸ்போர்ட் கம்பெனிக்குப் போனான்.

போன பொங்கலுக்கு அந்த மனைக்குள் எட்டிப் பார்த்தேன். அடுக்கு முழுக்கப் புழு. இலை தின்கிற சத்தம் தூறல் மாதிரி கேட்டது. நான் வாய் திறப்பதற்குள் நண்பன் சொன்னான்: "மெதுவாப் பேசு மாப்ள."