ஜப்பானின் பாட ஆய்வு

பாட ஆய்வு ஜப்பானியப் பள்ளி ஆசிரியர்களின் பயிற்சி முறை. ஜப்பானிய மொழியில் இதை ஜுக்யோ கென்க்யூ என்பார்கள். ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து ஒரே ஒரு பாடவேளைக்கு வாரக்கணக்கில் தயாராவார்கள். அவர்களில் ஒருவர் அதைத் தம் வகுப்பில் நடத்துவார், மற்றவர்கள் வகுப்பறைக்குள்ளேயே நின்று பார்ப்பார்கள். அன்று மாலையே எல்லோரும் உட்கார்ந்து பேசுவார்கள். மதிப்பெண் போட யாரும் வருவதில்லை. ஓர் ஆசிரியருக்குள் இருக்கும் திறமை அவருக்கே தெரியவும், அது பக்கத்து வகுப்பு ஆசிரியருக்குப் பயன்படவும் பள்ளிகள் கண்ட வழிகளில் இதுபோல் நீண்ட ஆயுள் கொண்டவை குறைவு.

மெய்ஜி அரசு 1872இல் நாடு முழுவதற்கும் கல்விச் சட்டம் கொண்டுவந்தபோது இதன் வேர் ஊன்றப்பட்டது. அதுவரை தெராகோயா என்ற ஊர்ப் பள்ளிகளில் பிள்ளைகள் அவரவர் வேகத்தில் எழுதிப் பழகினார்கள். ஆசிரியர் ஒவ்வொருவராக அழைத்துத் திருத்துவார். ஒரு வகுப்பு முழுவதும் ஒரே நேரத்தில் ஒரே பாடத்தைக் கேட்பது என்ற ஏற்பாடு யாருக்கும் பழக்கமில்லை. அதே ஆண்டில் தொடங்கிய டோக்கியோ ஆசிரியர் பயிற்சிப் பள்ளிக்கு அமெரிக்க ஆசிரியர் மேரியன் ஸ்காட் அழைக்கப்பட்டார். கரும்பலகை, சுவர்ப்படங்கள், பாடநூல்கள் ஆகியவற்றைக் கொண்டு அவர் வகுப்பு எடுத்துக் காட்டினார். ட்சுபோய் கென்தோ மொழிபெயர்த்தார். எப்படிக் கற்பிப்பது என்பதை நூலில் படிக்காமல், ஒருவர் கற்பிக்கும்போது பார்த்துத் தெரிந்துகொண்ட முதல் தலைமுறை இப்படித்தான் உருவாயிற்று. அவர்கள் மாகாணங்களுக்குப் போய் மற்றவர்களைப் பழக்கினார்கள்.

1875இல் அரசு மூவரை அமெரிக்காவுக்கு அனுப்பியது. அவர்களில் தகாமினே ஹிதேயோ, நியூயார்க் மாநிலத்தின் ஆஸ்வீகோ பயிற்சிப் பள்ளியில் கல்வியாளர் பெஸ்டலோசியின் வழிமுறையைக் கற்றுத் திரும்பினார். பொருளைக் கையில் கொடுத்து, கேள்வி கேட்டு, குழந்தையையே சொல்லவைப்பது அந்த வழிமுறை. 1883இல் வகாபயாஷி, ஷிராய் ஆகிய இருவரும் எழுதிய கற்பித்தல் கையேடு இதை ஜப்பானிய வகுப்பறைக்கு ஏற்றபடி விளக்கியது. பயிற்சிப் பள்ளிகளை ஒட்டிய தொடக்கப்பள்ளிகளில், ஒருவர் நடத்தும் பாடத்தைச் சக ஆசிரியர்கள் பார்த்து விமர்சிக்கும் வழக்கமும் பரவியது.

பிறகு ஒரு சறுக்கல். 1887இல் ஜெர்மனியிலிருந்து வந்த எமில் ஹவுஸ்க்னெக்ட் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் தத்துவஞானி ஹெர்பார்ட்டின் கல்விக் கொள்கையைக் கற்பித்தார். அந்த வழி வந்த, பாடம் நடத்தும் படிநிலைகள் பள்ளிகளில் விறைத்துப்போயின. பாடம் பார்ப்பது, வரிசை தவறாமல் நடத்தினாரா என்று சரிபார்க்கும் வேலையாகச் சுருங்கியது. 1917இல் சவாயானகி மசதாரோ தொடங்கிய செய்ஜோ தொடக்கப்பள்ளியும், நாராவில் கினோஷிதா தகேஜி வழிநடத்திய பள்ளியும் அந்த இறுக்கத்தைத் தளர்த்தின. பார்வை ஆசிரியரின் நடையிலிருந்து குழந்தையின் சிந்தனைக்குத் திரும்பியது. போர்க்காலம் வந்து அதையும் அடக்கிவிட்டது.

போருக்குப் பின் 1949இல் வந்த சட்டம், ஆசிரியர் ஓயாமல் ஆய்ந்து தம்மை வளர்த்துக்கொள்ள வேண்டும் என்று விதித்தது. 1951இல் ஆசிரியர் சங்கமே நிக்கோ நகரில் தேசிய அளவில் கல்வி ஆய்வு மாநாட்டைக் கூட்டியது. அதே காலத்தில் குன்மா மாகாணத்தின் ஷிமா என்ற சிற்றூர்ப் பள்ளிக்கு 1952இல் தலைமையாசிரியராக வந்தார் சைத்தோ கிஹாகு. பதினோரு ஆண்டுகள் அங்கே இருந்தார். பள்ளியின் கதவைத் திறந்துவைத்து, ஆசிரியர்களின் வகுப்புகளை வெளியூரார் வந்து பார்க்கும்படி செய்தார். நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் ஆசிரியர்கள் அந்தக் கிராமத்துக்குப் போனார்கள். பாட ஆய்வு வரலாற்றில் ஒரே ஒரு பள்ளியைக் குறிப்பிடச் சொன்னால் ஷிமாவைத்தான் சொல்லவேண்டும். சாதாரண ஆசிரியர்கள் எவ்வளவு உயர முடியும் என்பதை அது காட்டியது.

ஒரு பாட ஆய்வு உள்ளே எப்படி நடக்கிறது என்பதற்கு, முதல் வகுப்பில் கடன் வாங்கிக் கழித்தலை அறிமுகம் செய்யும் பாடத்தைப் பார்க்கலாம். முதல் கணக்காக எந்த எண்களைக் கொடுப்பது? 13இலிருந்து 9ஐக் கழிக்கச் சொன்னால், பத்திலிருந்து ஒன்பதை எடுத்து, மிஞ்சிய ஒன்றை மூன்றுடன் கூட்டக் குழந்தைக்குத் தோன்றும். 12இலிருந்து 3ஐக் கழிக்கச் சொன்னால், முதலில் இரண்டையும் பிறகு ஒன்றையும் எடுக்கத் தோன்றும். எண் மாறினால் குழந்தையின் வழியும் மாறுகிறது. இதை மட்டுமே வைத்து ஆசிரியர்கள் மணிக்கணக்கில் வாதாடுவார்கள். பாடக்குறிப்பில் ஆசிரியர் கேட்கப்போகும் கேள்விக்குப் பக்கத்திலேயே, மாணவர் சொல்லக்கூடிய பதில்களும் தவறுகளும் எழுதப்பட்டிருக்கும். கரும்பலகையில் எதை எங்கே எழுதுவது என்பதும் முன்கூட்டியே தீர்மானமாகும். பாடம் முடியும்வரை பலகையை அழிப்பதில்லை. வகுப்பு எப்படி யோசித்தது என்பது இடமிருந்து வலமாக அங்கே தெரிய வேண்டும்.

வகுப்பு நடக்கும்போது பார்வையாளர்கள் பாடக்குறிப்பும் மாணவர் இருக்கை வரைபடமும் கையில் வைத்துக்கொண்டு, பிள்ளைகளின் நோட்டுகளை எட்டிப் பார்ப்பார்கள், குறுக்கே பேசமாட்டார்கள். பின்னர் நடக்கும் கூட்டத்தில், பாடம் நடத்தியவர்தான் முதலில் பேசுவார். பாடத்தைச் சேர்ந்து தயாரித்ததால் குறை வந்தாலும் அது எல்லோருடையது. நிறை மட்டும் ஆளுக்கு ஆள் தனியாகத் தெரியவரும். ஒருவருக்குத் தவறான பதிலைக் கேட்டு அதையே வகுப்பின் கேள்வியாக்கும் பொறுமை இருக்கும். இன்னொருவருக்குப் பேசாத பிள்ளையைக் கண்டுகொள்ளும் கண் இருக்கும். பூட்டிய வகுப்பறைக்குள் இவை ஆண்டுக்கணக்கில் யார் கண்ணிலும் படாமலே போயிருக்கும்.

உலகம் இதைக் கவனித்தது 1999இல்தான். ஆய்வாளர்கள் ஜேம்ஸ் ஸ்டிக்லரும் ஜேம்ஸ் ஹீபர்ட்டும், ஜெர்மனி, ஜப்பான், அமெரிக்கா ஆகிய மூன்று நாடுகளில் எட்டாம் வகுப்பின் 231 கணித வகுப்புகளைப் படம்பிடித்த ஆய்வை அடிப்படையாக வைத்து ஒரு நூல் எழுதினார்கள். ஜப்பானிய வகுப்பின் சிறப்புக்குப் பின்னால் பாட ஆய்வு இருப்பதாக அது சொன்னது. ஹிரோஷிமாவின் ட்சுதா தொடக்கப்பள்ளியைப் பற்றி மகோட்டோ யோஷிதா எழுதிய ஆய்வேடும், ஆய்வாளர் காதரின் லூயிஸின் கட்டுரைகளும் நடைமுறையை விரிவாக விளக்கின. நியூஜெர்சியின் பேட்டர்சன் நகரப் பள்ளி ஒன்று விரைவிலேயே தொடங்கிவிட்டது. ஹாங்காங், சிங்கப்பூர், இந்தோனேசியா, ஜாம்பியா என்று வழக்கம் பரவியது.

போன இடமெல்லாம் வேரூன்றவில்லை. இங்கிலாந்தில் 181 தொடக்கப்பள்ளிகளில் நடந்த சோதனையின் முடிவு 2017இல் வந்தது. மாணவரின் கணிதத்திலும் வாசிப்பிலும் முன்னேற்றத்துக்கான சான்று கிடைக்கவில்லை. அமெரிக்காவில் 39 ஆசிரியர் குழுக்களிடம் நடந்த சோதனை நேர்மாறாக அமைந்தது. அங்கே பின்னங்களைப் பற்றிய நல்ல பாடப்பொருள்களையும் குழுக்களிடம் கொடுத்திருந்தார்கள். ஆசிரியரின் அறிவும் மாணவரின் அறிவும் கூடின. ஆழ்ந்து பேசுவதற்குக் கையில் சரக்கு இல்லாவிட்டால் கூடிப் பேசுவது மட்டும் போதாது என்றுதான் இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது எண்ணத் தோன்றுகிறது.

ஜப்பானுக்குள்ளேயே ஒரு திருத்தம் நடந்தது. வெளியாருக்குக் காட்டுவதற்காக மெருகேற்றிய பாடம் வெறும் அரங்கேற்றமாகிவிடுகிறது என்று கல்வியாளர் சத்தோ மனாபு சொல்லிவந்தார். 1998இல் சிகசாகி நகரில் தொடங்கிய ஹமானோகோ தொடக்கப்பள்ளியில் தலைமையாசிரியர் ஓசே தோஷியாகியுடன் சேர்ந்து வேறொரு வழியை முயன்றார். எல்லா ஆசிரியர்களும் தம் அன்றாட வகுப்பைத் திறந்துவைப்பது, எப்படிக் கற்பித்தார் என்பதைவிடப் பிள்ளைகள் எங்கே கற்றார்கள், எங்கே தடுமாறினார்கள் என்பதையே பேசுவது என்பன அதன் விதிகள்.

இன்றைய தடை நேரம். 2018இல் பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு நடத்திய கணக்கெடுப்பில், ஜப்பானின் நடுநிலைப்பள்ளி ஆசிரியர் வாரத்துக்கு 56 மணி நேரம் வேலை செய்தார். கலந்துகொண்ட நாடுகளில் அதுவே மிக அதிகம். அதில் தொழில் மேம்பாட்டுக்குக் கிடைத்தது 0.6 மணி நேரம், எல்லா நாடுகளையும்விடக் குறைவு. மாலை நேர விளையாட்டுக் குழுக்களும் அலுவலகக் கோப்புகளும் மற்றதை விழுங்கிவிட்டன. பத்தாண்டுக்கு ஒருமுறை 30 மணி நேர விரிவுரை கேட்டு உரிமத்தைப் புதுப்பிக்கச் சொன்ன விதி 2009இல் வந்தது, ஆசிரியர்களின் சுமையைக் கூட்டியது, 2022இல் நீக்கப்பட்டது. இப்போது ஒவ்வோர் ஆசிரியரும் பெற்ற பயிற்சி பதிவு செய்யப்படுகிறது. அடுத்து எதைக் கற்பது என்பதைத் தலைமையாசிரியர் அவருடன் உட்கார்ந்து பேசவேண்டும்.